ஆண்டறிக்கை: ஸ்மித் குடும்பங்களைத் தேடிய ஓராண்டு

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, எடின்பரோவிலும் சுற்றுவட்டாரத்திலும் இருந்து வந்திருக்கும் அண்ணன்மார், அக்காமார், பிள்ளைகள் அனைவருக்கும் வணக்கம்.

நம் சங்கத்தின் குடும்ப வரலாற்று வட்டம் இந்த ஆண்டு ஒரே ஒரு பெயரை எடுத்துக்கொண்டு வேலை செய்தது. அந்தப் பெயர் ஸ்மித். இங்கிலாந்திலும் சரி, ஸ்காட்லாந்திலும் சரி, அதிகம் பேருக்கு இருக்கும் குடும்பப் பெயர் இதுதான். "பக்கத்து வீட்டில் ஸ்மித், எதிர் வீட்டில் ஸ்மித், இதில் தேடுவதற்கு என்ன இருக்கிறது?" என்று சென்ற பொதுக்குழுவில் சிலர் கேட்டீர்கள். ஏன் இத்தனை ஸ்மித்துகள் என்ற அந்த ஒரு கேள்விக்கே ஆண்டு முழுவதும் வேலை இருந்தது.

ஸ்மித் என்றால் கொல்லர், முக்கியமாக இரும்பு வேலை செய்பவர் என்பது எல்லோரும் அறிந்தது. வடகிழக்கு இங்கிலாந்தின் டர்ஹாம் பகுதியில் ஏறத்தாழ 975இலேயே எச்சார்ட் ஸ்மித் என்று ஒருவர் பதிவாகியிருக்கிறார். ஆனால் அது அவருடைய பட்டப்பெயர்தான், பிள்ளைகளுக்குப் போகும் குடும்பப் பெயர் அல்ல. 1066இல் பிரான்சிலிருந்து நார்மன்கள் படையெடுத்து வந்த பிறகுதான் நிலைமை மாறியது. பழைய ஆங்கிலப் பெயர்கள் மெல்ல மறைந்து, பாதி ஊர் ஜான், வில்லியம், ராபர்ட், ரிச்சர்ட், தாமஸ் என்று ஆகிவிட்டது. எந்த ஜானுக்கு நிலம், எந்த ஜானிடம் வரி என்று எழுத இன்னொரு பெயர் தேவைப்பட்டது. 1377, 1379, 1381 ஆண்டுகளின் தலைவரிப் பட்டியல்களைப் பார்த்தால், தொழிற்பெயர்கள் குடும்பப் பெயர்களாக உறைந்துகொண்டிருந்த காலம் கண்ணுக்குத் தெரிகிறது. அவற்றில் இலத்தீனில் எழுதிய எழுத்தர்கள் கொல்லரை ஃபேபர் என்று குறித்தார்கள். ஊரில் அவரையே ஸ்மித் என்று கூப்பிட்டிருப்பார்கள்.

சரி, உழவர்கள் எண்ணிக்கையில் எவ்வளவோ அதிகம், பிறகு ஏன் கொல்லரின் பெயர் முந்தியது? வட்டத்தின் கூட்டங்களில் அதிகம் விவாதித்தது இதைத்தான். நாங்கள் வந்து சேர்ந்த விடை இது: ஊரே உழும்போது "உழவர் ஜான்" என்று சொல்லி யாரையும் அடையாளம் காட்ட முடியாது. உலைக்களம் ஊருக்கு ஒன்றுதான். "ஸ்மித் ஜான்" என்றால் அந்த ஊரில் குழப்பமே இல்லை. கலப்பைக்கும் அரிவாளுக்கும் குதிரை இலாடத்துக்கும் ஆள் இல்லாமல் எந்த ஊரும் நடக்காது என்பதால் எல்லா ஊரிலும் ஒருவர் இருந்தார். ஊருக்குள் தனித்துத் தெரிந்த பெயர், நாடு முழுவதும் சேர்த்துப் பார்க்கும்போது மிகப் பெரிய கூட்டமாகிவிட்டது. இங்கிலாந்து, வேல்ஸ் பதிவாளர் தலைமை அலுவலகம் 1853ஆம் ஆண்டுக்கான அறிக்கையில் இரண்டரை இலட்சத்துக்குச் சற்று மேல் ஸ்மித்துகள் இருப்பதாகக் கணக்கிட்டது. ஜோன்ஸ் இரண்டாவது இடம்.

ஆக, ஸ்மித்துகளுக்கு ஒரே மூதாதை கிடையாது. நூற்றுக்கணக்கான ஊர்களில், ஒருவருக்கொருவர் தொடர்பில்லாமல் முளைத்த பெயர் இது. இதற்கு அறிவியல் சான்றும் இருக்கிறது. லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் டூரி கிங், மார்க் ஜோப்ளிங் இருவரும் 40 பிரிட்டிஷ் குடும்பப் பெயர்களை எடுத்து, அந்தப் பெயருள்ள ஆண்களின் ஒய் குரோமோசோமை (தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும் மரபுக்கூறு) ஒப்பிட்டு 2009இல் வெளியிட்டார்கள். அட்டன்பரோ போன்ற அரிய பெயரில் பெரும்பாலோர் ஒரே ஆண் வழியில் வந்தவர்கள். ஸ்மித்தில் அப்படி எதுவும் இல்லை. இரண்டு ஸ்மித்துகளை நிறுத்தினாலும், பெயர் வேறான இரண்டு பேரை நிறுத்தினாலும் ஏறத்தாழ ஒன்றுதான்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நம் நகரத்து நினைவுப் பொருள் கடைகளில் "ஸ்மித் குடும்பச் சின்னம்" என்று கேடயம் வரைந்த தட்டுகளும் கோப்பைகளும் விற்கிறார்கள். ஸ்காட்லாந்துச் சட்டப்படி மரபுச் சின்னம் தனி ஒருவருக்கும் அவருடைய வாரிசுக்கும் உரியது, ஒரு பெயருக்கு உரியது அல்ல. அதைப் பதிவு செய்யும் லார்ட் லயன் நீதிமன்றம் இதே எடின்பரோவில்தான் இருக்கிறது. இதற்கான 1672ஆம் ஆண்டுச் சட்டம் இன்றும் நடப்பில் உள்ளது. கடல் கடந்து வந்து, தாத்தாவின் வேரைத் தேடும் ஒரு ஸ்மித்திடம் இல்லாத சொந்தத்தை விற்பது சரியில்லை என்பது என் உறுதியான கருத்து. இதைச் செயற்குழுவிலும் பதிவு செய்திருக்கிறேன்.

அப்புறம் ஸ்காட்லாந்து. இங்கே கதைக்கு இன்னொரு கிளை இருக்கிறது. மலைநாட்டின் கேலிக் மொழியில் கொல்லருக்கு உள்ள பெயரிலிருந்து கௌ, மெக்கௌவன் என்ற குடும்பங்கள் வந்தன. அவர்களில் பலர் தாழ்நிலத்துக்கு இறங்கி வந்தபோது ஸ்மித் ஆனார்கள். கோடையில் பெர்த் நகருக்குப் போய், டே ஆற்றங்கரையில் நார்த் இன்ச் திடலைப் பார்த்தோம். 1396இல் மன்னர் மூன்றாம் ராபர்ட் முன்னிலையில் இரண்டு குலங்கள் தலா 30 பேரை நிறுத்திப் போரிட்ட இடம் அது. சாட்டன் குலத்துக்கு ஒரு ஆள் குறைந்தபோது, அந்த ஊர்க் கொல்லர் ஒருவர் கூலி பேசி வாளெடுத்தார் என்றும், அவர் வழியில் வந்தவர்களே அந்தக் குலத்தின் கௌ, ஸ்மித் குடும்பங்கள் என்றும் வழிவழியாகச் சொல்கிறார்கள். அங்கிருந்து டன்கெல்டு பக்கம் இன்வர் என்ற சிற்றூருக்கும் போனோம். ஸ்காட்லாந்து ஃபிடில் (வயலின்) இசையின் பெரிய பெயரான நீல் கௌ (1727–1807) வாழ்ந்த ஊர். பிள்ளைகளுக்கு அவருடைய இசையைக் கேட்கவைத்த கலைக்குழுவுக்கு நன்றி.

நேஸ்மித் என்ற பெயரும் இதே இனம்தான், கத்தி செய்பவர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். ஆனால் அந்தக் குடும்பமே வேறு கதை சொல்கிறது. போரில் தோற்ற மூதாதை ஒருவர் உலைக்களத்தில் ஒளிந்து சம்மட்டி பிடித்தாராம். அடிக்கத் தெரியாமல் அடித்ததைப் பார்த்து, "நீ கொல்லனே இல்லை" (ஸ்காட்லாந்துப் பேச்சில் "நே ஸ்மித்") என்று கண்டுபிடித்துவிட்டார்களாம். 1808இல் எடின்பரோவில் பிறந்த ஜேம்ஸ் நேஸ்மித்தான் பிற்காலத்தில் நீராவிச் சம்மட்டியை வடிவமைத்து, 1842இல் காப்புரிமை வாங்கினார். இதைப் படித்த அன்று கூட்டம் முடிய வெகு நேரமானது.

வெளிநாடுகளுக்குப் பரவிய கதை பெரியது. சுருக்கமாகச் சொல்கிறேன். அமெரிக்காவின் 2010 கணக்கெடுப்பில் 24 இலட்சத்துக்கும் அதிகமான ஸ்மித்துகள், அங்கும் முதலிடம். எல்லோரும் பிரிட்டனிலிருந்து போனவர்கள் அல்ல. அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்களில் பலர் அந்தப் பெயரோடு பதிவானார்கள். முதல் உலகப் போர்க் காலத்தில் ஜெர்மானிய ஷ்மிட் குடும்பங்கள் பல ஸ்மித் ஆயின. குடியேற வந்தவர்களை நியூயார்க் துறைமுகத்தில் சோதித்த எல்லிஸ் தீவு அதிகாரிகள் பெயரை மாற்றி எழுதினார்கள் என்று பரவலாகச் சொல்வது உண்மையல்ல. அவர்கள் கப்பலில் வந்த பட்டியலைத்தான் சரிபார்த்தார்கள். இங்கிலாந்தின் ரோமானி (ஜிப்சி) மக்களிலும் ஸ்மித் அதிகம். தங்களுக்குள் அவர்கள் வழங்கும், கொல்லர் என்றே பொருள்படும் பெட்டுலெங்ரோ என்ற பெயரை வெளியாருக்கு ஸ்மித் என்றே சொன்னார்கள்.

உறுப்பினர்களுக்கு ஒரு பயனுள்ள செய்தி. ஸ்காட்லாந்தில் அரசுப் பதிவு 1855இல் தொடங்கியது. அந்த முதல் ஆண்டின் பிறப்புப் பதிவில் பெற்றோரின் வயது, பிறந்த ஊர், முன்பு பிறந்த பிள்ளைகள் வரை எழுதினார்கள். வேலை தாங்காமல் மறு ஆண்டே குறைத்துவிட்டார்கள். ஸ்மித் போன்ற பெயரைத் தேடுபவருக்கு 1855 பதிவு கிடைத்தால் அது புதையல். இங்கே இறப்புப் பதிவில் தாயின் பிறந்த வீட்டுப் பெயரும் இருக்கும். ஜான் ஸ்மித்துகளைப் பிரித்தறிய அந்தத் தாய்வழிப் பெயர்தான் பெரும்பாலும் கைகொடுக்கிறது. பிரின்சஸ் தெருவின் முனையில் உள்ள பதிவு இல்லத்துக்கு நேரில் போய்ப் பார்க்கலாம். போக விரும்புவோர் என்னிடம் பெயர் கொடுங்கள்.

அடுத்த ஆண்டுத் திட்டம் நம் வீடுகளைப் பற்றியது. ஷெட்லாந்து தீவுகளில் தந்தை பெயரே பிள்ளைக்குப் பின்பெயராக, தலைமுறைக்குத் தலைமுறை மாறிவந்த வழக்கம் 19ஆம் நூற்றாண்டில்தான் நின்று உறைந்தது. இங்கே படிவத்தில் குடும்பப் பெயர் கேட்டதும் நாம் அப்பா பெயரை எழுதினோம். இன்று பேரப்பிள்ளைகளும் அதே பெயரோடு பள்ளிக்குப் போகிறார்கள். உங்கள் வீட்டில் எந்தப் பெயர் நிலைத்தது, யார் முடிவு செய்தது என்பதை அரைப் பக்கம் எழுதித் தாருங்கள். பெரியவர்கள் சொல்ல, பிள்ளைகள் எழுதினாலும் சரி.

மண்டபம் தந்தவர்களுக்கும், பெர்த் பயணத்துக்கு வண்டி ஓட்டிய தம்பிகளுக்கும், கூட்டந்தோறும் சிற்றுண்டி செய்து கொண்டுவந்த அக்காமாருக்கும் நன்றி. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் அடுத்து வாசிப்பார். அதன்பின் புதிய செயற்குழுத் தேர்வு நடைபெறும். இந்த அறிக்கையை ஏற்றுக்கொள்ளும்படி பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்