டார்பிடோ படகுகளைப் பற்றியும் எழுதுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் இதழில் இரண்டாம் உலகப்போர்க் கட்டுரை என்றாலே பிஸ்மார்க் போர்க்கப்பல், நீர்மூழ்கிகள், அவ்வளவுதான். ஜெர்மன் கடற்படையில் டார்பிடோ (நீருக்கடியில் பாயும் வெடிகணை) ஏவும் சிறு போர்க்கப்பல்களான டார்பிடோ படகுகளுக்கென்றே ஒரு தனித் தலைமை இருந்தது, பிஸ்மார்க்கோடு 1941-இல் மாண்ட அட்மிரல் லுட்யென்ஸ் போருக்கு முன் அந்தப் பதவியில் இருந்தவர்தான், இதையாவது சொல்லியிருக்கலாம். போர் தொடங்கியதும் நாசகாரிக் கப்பல்களை (டெஸ்ட்ராயர்) அந்தத் தலைமையிலிருந்து தனியாகப் பிரித்தார்கள். அவற்றின் தளபதி போன்டே 1940 ஏப்ரல் 10 அன்று நார்வேயின் நார்விக் துறைமுகத்தில் இறந்தார், சில நாட்களுக்குள் அங்கு போன 10 நாசகாரிகளும் அழிந்தன. அப்புறம் 1942 ஏப்ரலில் விரைவுப் படகுகளும் (டார்பிடோ ஏவும் சிறிய வேகப் படகுகள்) பிரிந்து பீட்டர்சன் என்ற அதிகாரியின் கைக்குப் போயின, மிஞ்சிய டார்பிடோ படகுகள் நாசகாரித் தலைமையின் கீழ் வந்தன. சிறு படகுகளில் போராடியவர்களின் வரலாறும் முக்கியம், தயவுசெய்து விரிவாக வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர்