கொச்சை நீக்கி எழுதுக

அன்புள்ள ஐயா,

போன ஞாயிறு நூலகக் கூட்டத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் பார்த்திருந்தாலும் அடையாளம் தெரிந்திருக்காது. ஒன்பதாம் வகுப்பில் உங்களிடம் தமிழ் படித்தபோது எனக்கு மீசை கிடையாது, இப்போது தலையில் முடி கிடையாது. கையெழுத்து வாங்க வந்தபோது "பேர் சொல்லுப்பா" என்றீர்கள். சொன்னேன். எழுதிக் கொடுத்தீர்கள். பின்னால் இன்னும் எட்டுப் பேர் நின்றார்கள். சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

உங்கள் தன்வரலாற்றைக் கூட்டத்துக்கு முன்பே படித்திருந்தேன். கடலூர் தேவனாம்பட்டினத்துக் குப்பத்தில் பிறந்து தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவரின் கதை என்று பின்னட்டையில் போட்டிருந்தது. ஆசையோடு திறந்தால் முதல் பதினான்கு பக்கம் அந்த ஊரில் இருக்கும் புனித டேவிட் கோட்டை. 1690இல் ஆங்கிலேயர் அதை மராத்தியரிடம் வாங்கியது, பீரங்கி சுட்டுக் குண்டு விழுந்த தூரம் வரைக்கும் ஊர்களை வளைத்துக்கொண்டது, குண்டு உப்பலவாடிக்கு அந்தப் பெயர் வந்தது, 1756இல் கிளைவ் கவர்னராக வந்து உட்கார்ந்தது. எல்லாம் சரி, வகுப்பில் நீங்கள் சொல்லி நாங்கள் வாய் பிளந்து கேட்டதுதான். ஆனால் கிளைவுக்கு ஐந்து பக்கம் கொடுத்த நீங்கள் அம்மாவுக்குக் கொடுத்தது நாலு வரி. அதிலும் ஒரு வரி, 'எம்மை வளர்த்த தியாகச் சுடர்'. பள்ளி ஆண்டு மலரில் யாரைப் பற்றி வேண்டுமானாலும் போடக்கூடிய சொல் ஐயா அது. 2004 டிசம்பர் 26ஐயும் 'ஆழிப்பேரலை எம் ஊரைச் சூறையாடியது' என்று ஒரே பத்தியில் முடித்துவிட்டீர்கள்.

கூட்டத்திலும் முதல் இருபது நிமிடம் அதே தமிழ்தான். தாளைப் பிடித்துக்கொண்டு வாசித்தீர்கள். என் பக்கத்தில் இருந்தவர் தூங்கியே விட்டார். அப்போதுதான் கரண்ட் போனது.

மின்விசிறி நின்றது, மைக் அடங்கியது. வெளியே மூட்டமாக இருந்ததால் தாளில் எழுத்தும் தெரியவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தீர்கள். அப்புறம் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துவிட்டு, "சரி, என்னா கேக்கணுமோ கேளுங்க" என்றீர்கள். கல்லூரிப் பெண் ஒருத்தி எழுந்து, "உங்க அம்மா என்னென்ன மீன் சார் வித்தாங்க?" என்று கேட்டாள். இதெல்லாம் ஒரு கேள்வியா என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

நீங்கள் சிரிக்கவில்லை. விரலை மடக்கி எண்ண ஆரம்பித்தீர்கள். நெத்திலி, காரப்பொடி, சுதும்பு, பன்னா, கானாங்கெளுத்தி. வஞ்சிரமும் வவ்வாலும் கரையில் ஏலத்தோடு பெரிய வியாபாரிகளிடம் போய்விடும், அம்மா கூடைக்கு வருவது இவைதான் என்றீர்கள். எல்லாவற்றிலும் அதிகம் விற்றது கவலை மீன். "எங்கம்மா தலையில கவலைய வச்சிக்கிட்டுத்தான் எங்கள வளத்துச்சி" என்று நீங்கள் சொன்னதும் தூங்கினவர்கூட விழித்துக்கொண்டு சிரித்தார். இந்த வரி புத்தகத்தில் எங்கே ஐயா? தேடித் தேடிப் பார்த்துவிட்டேன், கவலை என்ற மீனே இல்லை.

அதற்கப்புறம் நீங்கள் நிற்கவே இல்லை. விடியற்காலை ஏலம், கூடைக்கு மேல் ஈரச் சாக்கு, மஞ்சக்குப்பம் வரைக்கும் நடை, வாடிக்கை வீட்டுத் திண்ணையில் கூறு நாலணா, விற்காமல் திரும்பியது உப்புப் போட்டுக் கருவாடு. ஐப்பசி கார்த்திகையில் வாடைக்காற்று பிடித்துக்கொண்டால் மீன்பாடு கிடையாது, அந்தக் கருவாடுதான் சோற்றுக்கு. ஆழிப்பேரலை என்று எழுதியவர், "தண்ணி கறுப்பா வந்துச்சி, கடலு எந்திரிச்சி நின்னுச்சி" என்றீர்கள்.

பிறகு அந்த ஸ்டாஃப் ரூம் கதை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், அம்மா என்ன செய்கிறார் என்று யாராவது கேட்டால் வீட்டில் இருக்கிறார் என்று சொல்லிவிடுவீர்களாம். ஒரு நாள் மத்தியானம் அதே வாசலில் கூடையோடு வந்து நின்றிருக்கிறார். "என்னப் பாத்துச்சி. தெரியாத மாதிரி பக்கத்து வாத்தியார்கிட்ட வெல சொல்லிச்சி. அவரு பேரம் பேசினாரு. ரெண்டு கூறு குடுத்துட்டுப் போயிடுச்சி." அவ்வளவுதான் சொன்னீர்கள். தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்தீர்கள். அடுத்த கேள்வி கேட்க ஒருவருக்கும் வாய் வரவில்லை.

ஐயா, என் ஒன்பதாம் வகுப்புக் கட்டுரை நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. 'எங்க ஆயா பனங்கிழங்கு அவிச்சிக் குடுத்துச்சி' என்று எழுதியிருக்கிறேன். அதைச் சிவப்பு மையில் அடித்து, 'என் பாட்டி பனங்கிழங்கு அவித்துக் கொடுத்தார்' என்று மேலே எழுதி, ஓரத்தில் 'கொச்சை நீக்கி எழுதுக' என்று போட்டிருக்கிறீர்கள். அந்தத் திருத்தம் பரீட்சையில் எனக்கு மார்க் வாங்கிக் கொடுத்தது, மறுக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு நான் எழுதிய எந்தக் கட்டுரையிலும் ஆயா வரவே இல்லை, பாட்டி என்று யாரோ ஒருவர்தான் வந்தார். இத்தனை வருடமும் அதை இலக்கண விஷயம் என்றே நினைத்திருந்தேன். ஸ்டாஃப் ரூம் வாசலைக் கேட்ட பிறகு அப்படி நினைக்க முடியவில்லை. அதிகப்பிரசங்கித்தனம் என்று தோன்றினால் பழைய மாணவன் என்று மன்னித்துவிடுங்கள்.

நன்றியுரையில் வழக்கம்போல ஜெயகாந்தன் வந்தார். (கடலூரில் அவர் பேர் வராமல் முடிந்த இலக்கியக் கூட்டம் எதையும் நான் பார்த்ததில்லை.) 1934இல் மஞ்சக்குப்பத்தில் பிறந்தவர் என்று சொல்லி, 1906இல் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்த புதுமைப்பித்தனையும் சேர்த்துக்கொண்டார்கள். பெருமைதான். அந்த இரண்டு பேர் கட்டுரை நோட்டும் உங்கள் மேசைக்கு வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். புதுமைப்பித்தன் திருநெல்வேலிப் பேச்சையும் ஜெயகாந்தன் சென்னைச் சேரிப் பேச்சையும் அச்சில் ஏற்றினார்கள். தேவனாம்பட்டினத்துப் பேச்சை ஏற்றுவதற்கு உங்களை விட்டால் எனக்குத் தெரிந்து ஆள் இல்லை.

இரண்டாம் பதிப்பு வரப்போகிறது என்றீர்கள். கரண்ட் போனதும் ஏதோ தோன்றி என் போனில் பதிவு போட்டேன். கேட்காமல் செய்தது தப்புத்தான். 22 நிமிடம் இருக்கிறது. ஒரு வாரமாக ராத்திரி உட்கார்ந்து தட்டச்சு செய்துவிட்டேன். ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை, 'வச்சிக்கிட்டு' என்றால் 'வச்சிக்கிட்டு'தான். வருகிற ஞாயிறு காலை நூலகத்துக்குக் கொண்டு வருகிறேன். கிளைவைக் கொஞ்சம் நகரச் சொன்னால் இடம் கிடைக்கும்.

ஒரே ஒரு சிக்கல். சுதும்புக்கும் பன்னாவுக்கும் நடுவில் இன்னொரு மீன் பேர் சொல்கிறீர்கள். சரியாக அந்த நேரம் பார்த்து வெளியே பஸ் ஹாரன். பத்துத் தடவை கேட்டும் பிடிபடவில்லை. மீன் மார்க்கெட்டில் விசாரித்தால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். அந்த இடத்தில் புள்ளி வைத்து விட்டிருக்கிறேன். அதை மட்டும் நீங்கள் எழுதிக் கொடுங்கள். சிவப்பு மையானாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
உங்கள் பழைய மாணவன்,
ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு