அந்த அண்ணா காசைக் கொஞ்சம் எடுத்துப் பார்

மக்கா,

நாலு மாதமாக ஒரு வரி எழுதவில்லை என்று நீ கோயம்புத்தூரில் இருந்து ஏசுவது குளச்சல் வரைக்கும் கேட்கிறது. கண்தான் காரணம். வலது கண்ணில் புரை எடுத்தாயிற்று, இடது கண் அடுத்த மாதம். வீட்டில் எல்லோரும் சுகம். உன் மகளுக்கு வேலை கிடைத்ததாகத் தம்பி சொன்னான், சந்தோஷம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சொட்டு மருந்து நின்ற அன்றைக்கே காசு ஆல்பங்களைக் கட்டிலில் பரப்பினேன். சவம், ஏன் எடுத்தோம் என்று ஆகிவிட்டது. காசு எந்த மிண்டில் (நாணயச் சாலையில்) அடித்தது என்று காட்டும் நொய்டாப் புள்ளியும் ஹைதராபாத் நட்சத்திரமும் இத்தனை நாள் எனக்கு ஒன்றுபோலத்தான் தெரிந்திருக்கின்றன. ஒரே பத்து ரூபாயை இரண்டு முறை வாங்கி, இரண்டு மிண்ட் என்று சீட்டு எழுதி வைத்திருக்கிறேன்! அதைக்கூட விட்டுவிடலாம். யு.என்.சி., அதாவது புழக்கத்துக்கே போகாத காசு, என்று விலை கொடுத்து வாங்கியதில் பாதி, யாரோ தேய்த்துப் பளபளப்பாக்கிய காசு.

ட்யூப்லைட்டில் பார்த்தால் எல்லாக் காசும் அழகிதான். மேஜை விளக்கில் ஒரே ஒரு குண்டு பல்பைப் போட்டு, ஓரத்தைப் பிடித்து மெல்லச் சாய்த்துப் பார். கைபடாத காசில் வெளிச்சம் வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால் மாதிரி சுற்றிக்கொண்டே போகும். தேய்த்த காசு மொத்தமாக மின்னும், ஆனால் ஒன்றும் நகராது. பத்து மடங்கு லென்ஸில் பார்த்தால் தேங்காய் நாரால் பாத்திரம் துலக்கிய மாதிரி மயிரிழைக் கோடுகள். நீ 'கீறல்' என்று ஒதுக்கிய என்னுடைய காமராஜர் ஐந்து ரூபாய் இருக்கிறதே, கன்னத்தில் ரெண்டு வெட்டோடு, அதில் வெளிச்சம் அந்த வெட்டின் மேலேயும் ஏறி ஓடுகிறது. அச்சில் இருந்து விழுந்து, எண்ணி, மூட்டை கட்டும்போது பட்ட அடி அது. கை மாறவில்லை என்பதுதான் யு.என்.சி.; ஒன்றோடொன்று முட்டவில்லை என்று யாரும் சத்தியம் செய்யவில்லையே.

மார்த்தாண்டத்தில் காசு விற்கிற அந்தப் பையனிடம் நான் சண்டை போட்டதும் தப்பு. காசில் சிங்கத்தின் முகம் மொட்டையாக இருந்ததால் புழங்கித் தேய்ந்தது என்று கத்தினேன். தேய்ந்திருந்தால் அந்த இடம் மங்கி இருக்கும். அது மற்ற இடம் மாதிரியே மின்னியது. அச்சு சரியாக அழுந்தவில்லை, அவ்வளவுதான். அடுத்த முறை போனால் அவன் முகத்தை எப்படிப் பார்ப்பது?

இப்போது குற்றத்தை ஒத்துக்கொள்கிறேன். உன்னுடைய 1995 வள்ளுவர் இரண்டு ரூபாய்க்குப் பதிலாக நான் தந்த அண்ணா ஐந்து ரூபாய், தமிழ்க் கையெழுத்து உள்ளதுதான், அதை எடுத்து இப்படிச் சாய்த்துப் பார். கார்த்திகைக்கு விளக்கைப் புளி போட்டுத் தேய்க்கும்போது வீட்டுக்காரி அதையும் சேர்த்துத் தேய்த்திருக்கிறாள். நேற்று கேட்டபோதுதான் சொல்கிறாள். அன்றைக்கு அந்தப் பளபளப்பைப் பார்த்து, 'இதைவிட நல்ல பீஸ் கிடைக்காது' என்று உன்னிடம் பெருமை வேறு அடித்தேன். மனசு கேட்கவில்லை மக்கா. நாற்பது வருஷத்தில் உன்னை ஏமாற்றியது இந்த ஒரு தடவைதான், அதுவும் தெரியாமல். (வடசேரி விஷயத்தைக் கணக்கில் சேர்க்காதே.)

வெளிச்சம் சுற்றவில்லை என்றால் ஒரு வரி எழுது. உன் வள்ளுவர் கவருக்குள் தயாராக இருக்கிறார், ஸ்பீட் போஸ்ட் செலவு என்னுடையது. அதுவரை அண்ணாவை நீயும் எதையாவது போட்டுத் துடைத்து வைக்காதே. அந்த வழவழ பிளாஸ்டிக் ஷீட்டிலும் வைக்காதே, பச்சையாகப் பிசுபிசுக்கும். என்னுடைய நாலு காசு அப்படித்தான் போயிற்று.

அப்புறம், போன் பண்ணினால் அவளிடம் புளி பற்றிப் பேசிவிடாதே.