நில அதிர்வு ஆர்வலர் மன்றம்: செயலாளர் ஆண்டறிக்கை 2025–26

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், ஆண்டுப் பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கூட்டங்கள் நடந்த தேதிகளும் வருகை விவரமும் பதிவேட்டில் இருக்கின்றன, வேண்டுவோர் பார்த்துக்கொள்ளலாம். இந்த அறிக்கையின் பெரும்பகுதியை ஆண்டு முழுவதும் நம்மைப் பிடித்துவைத்திருந்த ஒரே வேலைக்கு ஒதுக்கியிருக்கிறேன். வெளிப் பேச்சாளர்களை அழைப்பதைக் குறைத்துக்கொண்டு, நிலநடுக்கப் பதிவுகளை நாமே படிக்கப் பழக வேண்டும் என்று சென்ற பொதுக்குழு தீர்மானித்தது. அதை நிறைவேற்றியிருக்கிறோம் என்பதை மகிழ்ச்சியோடு சொல்கிறேன்.

இந்த வேலை ஏன் முக்கியம் என்று புதிய உறுப்பினர்கள் கேட்டார்கள். பூமியின் சராசரி ஆரம் 6,371 கி.மீ. மனிதர் தோண்டியதிலேயே மிக ஆழமான துளை, ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் 1989-இல் 12,262 மீட்டரை எட்டியது. ஆரத்தில் ஆயிரத்துக்கு இரண்டு பங்குகூட முழுதாக இல்லை. அதற்குக் கீழே எங்கே எந்த அடுக்கு மாறுகிறது, எது திடம், எது திரவம் என்பதையெல்லாம் பெரும்பாலும் நில அதிர்வு அலைகளிடம்தான் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறோம். அந்த அலைகளிடம் கேட்கும் முதல் கேள்வி எளியது: எத்தனை மணிக்கு வந்தாய்?

நமக்கு வேலை தந்தது ரஷ்யாவின் கிழக்குக் கோடியிலுள்ள கம்சட்காவில் நடந்த நிலநடுக்கம். 2025 ஜூலை 29, கிரீன்விச் நேரப்படி இரவு 11.24-க்கு, 8.8 அளவில் நிகழ்ந்தது. உலகெங்கும் உள்ள பல நிலையங்களின் பதிவுகள் இணையத்தில் எல்லோருக்கும் திறந்தே கிடக்கின்றன. உறுப்பினர்கள் ஆளுக்குச் சில நிலையங்களை எடுத்துக்கொண்டு, முதலில் வரும், பாறையை முன்னும் பின்னும் அழுத்திக்கொண்டு போகும் பி அலை தொட்ட விநாடியையும், அதற்குப் பின்னால் வரும் எஸ் அலை தொட்ட விநாடியையும் குறித்தார்கள். நிலநடுக்க மையத்திலிருந்து நிலையம் எவ்வளவு கோணத் தூரத்தில் (பூமியின் நடுப்புள்ளியில் பாகையில் அளக்கும் கோணம்) இருக்கிறது என்பது ஒரு அச்சு, அலை வர எடுத்த நேரம் இன்னொரு அச்சு. பெரிய வரைபடத் தாளில் ஒவ்வொரு புள்ளியாக வைத்தோம். கணினியே நொடியில் போட்டுவிடும் என்று சிலர் சொன்னது உண்மைதான். ஆனால் இரைச்சலுக்கு நடுவே அலை எங்கே தொடங்குகிறது என்று கண்ணால் தேடிக் குறித்தவருக்கு அந்தப் புள்ளியின் மீது ஒரு உரிமை வந்துவிடுகிறது. அடுத்த ஆண்டும் கையாலேயே செய்ய வேண்டும் என்பது என் கருத்து.

முதல் சில வாரங்களிலேயே தாள் பேசத் தொடங்கியது. 30 பாகைத் தூரத்துக்குப் பி அலை ஆறு நிமிடத்துக்குச் சற்று மேல் எடுக்கிறது. 60 பாகைக்கு ஏறத்தாழ பத்து நிமிடம். 90 பாகைக்குச் சுமார் பதின்மூன்று நிமிடம். தூரம் மூன்று மடங்கு, நேரமோ இரு மடங்குக்குச் சற்று மேல்தான். பூமி உருண்டை என்பதால் குறுக்கே போகும் அலைக்குத் தூரம் குறையும், அதனால்தான் இப்படி என்று ஒரு உறுப்பினர் மடக்கினார். நல்ல கேள்வி. சரி, நேர்கோட்டுத் தூரத்தையே வைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம் என்று உட்கார்ந்தோம். சராசரி வேகம் விநாடிக்கு 8.9, 10.5, 11.5 கி.மீ. என்று வந்தது. நேர்கோட்டை எடுத்துக்கொண்டாலும் வேகம் ஏறிக்கொண்டேதான் போகிறது. ஆழத்தில் பாறையின் அடர்த்தி கூடுகிறது; அது அலையைத் தாமதப்படுத்த வேண்டும். ஆனால் அழுத்தத்தால் பாறையின் விறைப்பு அதைவிட வேகமாகக் கூடுவதால் அலை விரைகிறது. அப்படி விரைவதால்தான் அதன் பாதை கீழே இறங்கி, வளைந்து, மறுபடி மேலே வருகிறது. பாடநூலில் ஒரு வரியாகப் படித்ததை நாமே குறித்த எண்களில் பார்த்த அந்த மாலையைத்தான் இந்த ஆண்டின் சிறந்த கூட்டமாக நான் கருதுகிறேன்.

பூமியின் வெளிப்புறப் பாறை அடுக்கான மேலோட்டின் அடிப்பரப்பைக் கண்டுபிடித்த கதையை ஒரு கூட்டத்தில் சுருக்கமாகப் பார்த்தோம். 1909 அக்டோபர் 8-இல் குரோவேஷியாவின் குபா பள்ளத்தாக்கில் நிலம் அதிர்ந்தது. ஜாக்ரெப் வானிலை ஆய்வகத்தில் இருந்த ஆந்த்ரியா மொஹோரோவிச்சிச் பதிவுகளைத் திரட்டியபோது சில நிலையங்களில் பி அலை இரண்டிரண்டாக வந்திருந்ததைக் கவனித்தார். ஒன்று மேலோட்டுக்குள்ளேயே வந்தது, மற்றது கீழே வேகமான பாறைக்குள் இறங்கி விரைந்து வந்தது என்று விளக்கி, எல்லையின் ஆழத்தை 54 கி.மீ. எனக் கணித்தார். இன்று கண்டங்களுக்கடியில் அது பெரும்பாலும் 30 முதல் 40 கி.மீ.-இல், பெருங்கடல்களுக்கடியில் பாறையை மட்டும் கணக்கில் எடுத்தால் ஏழு கி.மீ. அளவில் இருக்கிறது என்று தெரியும்.

அப்புறம் 103 பாகையைத் தாண்டினோம். அங்கே பி அலைக் கோடு மங்கி, புள்ளிகள் வைக்க இடமில்லாமல் போயிற்று. பதிவுகளில் முதல் துடிப்பு மிகவும் வலுவிழந்திருந்தது. 143 பாகைக்கு அருகில் வலுவான துடிப்பு திரும்பவும் வந்தது, ஆனால் பழைய கோட்டின் தொடர்ச்சியாக அல்லாமல் பல நிமிடங்கள் தாமதமாக. இந்த இடைவெளிதான் நிழல் மண்டலம். பூமியின் கரு தொடங்கும் 2,890 கி.மீ. ஆழத்தில் பி அலையின் வேகம் விநாடிக்கு 13.7 கி.மீ.-இலிருந்து சுமார் 8 கி.மீ.-க்கு விழுந்துவிடுகிறது. வேகம் குறைந்த பொருளுக்குள் நுழையும் அலை உள்நோக்கி முறிந்து, மறுபக்கம் வெகுதூரம் தள்ளி வெளியே வருகிறது. இடைப்பட்ட வட்டாரம் நிழலாகிவிடுகிறது.

1897-இன் பெரும் அசாம் நிலநடுக்கத்தை ஆராய்ந்து, பி, எஸ், மேற்பரப்பு அலைகளைப் பதிவுகளில் பிரித்துக் காட்டியவர் ரிச்சர்டு டிக்சன் ஓல்டாம். அவரே 1906-இல் பூமிக்கு ஒரு கரு இருக்கிறது என்பதற்கு அலைகளிலிருந்து சான்று காட்டினார். பெனோ குட்டன்பர்க் அடுத்த சில ஆண்டுகளில் அதன் ஆழத்தை ஏறத்தாழ 2,900 கி.மீ. என்று கணித்தார். கரு திரவம் என்று ஹெரால்டு ஜெஃப்ரீஸ் உறுதியாக எடுத்துரைத்தது 1926-இல். ஒரு கருவை ஏற்றுக்கொள்ளவும் அது எந்த நிலையில் இருக்கிறது என்று தெளியவும் இடையில் இருபது ஆண்டுகள் ஆயின. அவசரப்படாத அந்த வேலைமுறை நம் மன்றத்துக்கும் வேண்டும் என்று நினைக்கிறேன்.

திரவம் என்ற இடத்தில்தான் ஆண்டின் பெரிய வாக்குவாதம் நடந்தது. எஸ் அலை துகள்களைக் குறுக்காக அசைத்துக்கொண்டு போகும் அலை. திரவத்துக்கு அப்படி வெட்டி இழுப்பதை எதிர்க்கும் விறைப்பு இல்லை. ஆகவே எஸ் அலை, கருவின் திரவப் பகுதியான வெளிக்கருவைக் கடக்க முடியாது. இதை எல்லோரும் படித்திருக்கிறோம். ஆனால் 110 பாகைக்கு அப்பாலுள்ள ஒரு நிலையத்தின் கிடைத்திசைப் பதிவில், எஸ் அலையைப் போலவே ஒரு துடிப்பு தெளிவாகத் தெரிந்தது. அப்படியானால் படித்தது தவறா? இரண்டு கூட்டங்கள் இதிலேயே போயின. கடைசியில் விடை கிடைத்தது. கவசத்தில், அதாவது மேலோட்டுக்கும் கருவுக்கும் இடையிலுள்ள பாறை அடுக்கில், எஸ் அலையாக இறங்கியது கருவின் எல்லையில் பி அலையாக மாறி, திரவத்தைக் கடந்து, மறுபக்க எல்லையில் மீண்டும் எஸ் அலையாகி மேலே வருகிறது. எஸ்.கே.எஸ். என்று இதைக் குறிப்பார்கள். நடுவிலுள்ள கே என்பது வெளிக்கருவில் பி அலையாகப் போன பகுதிக்கான அடையாளம்.

அது உண்மையிலேயே அப்படித்தான் வந்ததா என்று சரிபார்க்கவும் ஒரு வழி இருக்கிறது. திரவத்திலிருந்து பி அலையாக வெளியேறியது மறுபடி எஸ் அலையாகும்போது, பாதை அமைந்திருக்கும் செங்குத்துத் தளத்துக்குள்தான் அசைய முடியும். பக்கவாட்டில் அசையக் காரணமே இல்லை. அந்த நிலையத்தின் இரண்டு கிடைத்திசைப் பதிவுகளையும் நிலநடுக்க மையம் இருக்கும் திசைக்குத் திருப்பிக் கணக்கிட்டோம். மையத்தை நோக்கிய திசையில் துடிப்பு பெரிதாக இருந்தது, அதற்குக் குறுக்கே அநேகமாக ஒன்றுமில்லை. குறுக்குத் திசையில் சிறிதளவு மிஞ்சினால் அதற்கும் பொருள் உண்டு: நிலையத்துக்குக் கீழே கவசப் பாறையின் படிகங்கள் ஒரே திசையில் அடுக்கி நிற்கலாம். பாறை எந்தப் பக்கம் நகர்ந்தது என்பதை அதிலிருந்து ஊகிக்கிறார்கள். இந்தப் பயிற்சியை முன்னின்று நடத்திய, பணி ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியருக்கு மன்றம் கடமைப்பட்டிருக்கிறது.

நிழல் மண்டலம் முழு நிழலும் அல்ல. அதற்குள் மெல்லிய துடிப்புகள் வருவதைப் பலர் பார்த்திருந்தார்கள். கருவின் விளிம்பில் அலை வளைந்து வருகிறது என்று சொல்லி நகர்ந்துவிட்டார்கள். கோபன்ஹேகனில் பணியாற்றிய இங்கே லேமன் அந்த விளக்கத்தை ஏற்கவில்லை. 1929 ஜூனில் நியூசிலாந்தில் நடந்த நிலநடுக்கத்தின் பதிவுகளைத் தொலைவிலுள்ள நிலையங்களிலிருந்து சேர்த்து ஒப்பிட்டு, கருவுக்குள் இன்னொரு கரு இருந்து அலைகளைத் திருப்பி அனுப்புகிறது என்று 1936-இல் எழுதினார். அதன் ஆரம் 1,220 கி.மீ. என்று இன்று கொள்கிறோம். அது திடம் என்பதை ட்ஸியேவோன்ஸ்கியும் கில்பர்ட்டும் 1971-இல் முழுப் பூமியின் அதிர்வுகளிலிருந்து காட்டினார்கள். பெரிய நிலநடுக்கத்துக்குப் பின் பூமி அடித்த மணியைப் போல நாள்கணக்கில் அதிர்ந்துகொண்டிருக்கும். மிக நீண்ட அதிர்வு ஒரு சுற்றுக்கு 54 நிமிடம் எடுக்கும். 1952-இல் இதே கம்சட்காவில் நடந்த நிலநடுக்கத்தில் அந்த அதிர்வைக் கண்டதாக ஹியூகோ பெனியாஃப் சொன்னார். 1960 சிலி நிலநடுக்கம், 9.5 அளவிலானது, ஐயத்தைப் போக்கியது.

லேமன் பற்றிய கூட்டத்துக்கு மாணவியர் நிறைய வந்தார்கள். பிறர் பார்த்துவிட்டு ஒதுக்கிய சிறு துடிப்பை விடாமல் கேள்வி கேட்டவர் என்பதைத்தான் அவர்கள் திரும்பத் திரும்பப் பேசினார்கள்.

கவசத்தின் உட்புறப் படங்களைப் பற்றி ஒரு வார்த்தை. எதிர்பார்த்த நேரத்துக்கு அலை ஒன்றிரண்டு விநாடி முந்தியோ பிந்தியோ வருவதைப் பல்லாயிரம் பாதைகளில் சேர்த்துக் கணக்கிட்டு, எங்கே வேகம் ஒரு சதவீதம் கூடுதல், எங்கே குறைவு என்று, கூடுதலை நீலத்திலும் குறைவைச் சிவப்பிலும் வரைகிறார்கள். வட அமெரிக்காவுக்கடியில் மூழ்கிக்கிடக்கும் ஃபாரலான் என்ற பழைய கடலடித் தட்டு, ஆப்பிரிக்காவுக்கும் பசிபிக்குக்கும் கீழே கருவை ஒட்டி நிற்கும் இரு பெரும் மெதுவேகத் திட்டுகள் எல்லாம் இப்படித் தெரிந்தவை. ஆனால் சிவப்பைப் பார்த்தவுடன் கொதிப்பு என்றும் நீலத்தைப் பார்த்தவுடன் குளிர் என்றும் முடிவுகட்டக் கூடாது. வேதிச் சேர்க்கை மாறினாலும் வேகம் மாறும். அந்த இரு திட்டுகள் வெறும் வெப்பமா, வேறு பொருளா என்று இன்னும் வாதம் நடக்கிறது. அதோடு, அலை போகாத இடத்தில் படமும் இல்லை. நிலையங்கள் பெரும்பாலும் நிலத்தில் இருக்கின்றன. பூமியின் மேற்பரப்பில் பத்தில் ஏழு பங்கு கடல். கடலடி நிலநடுக்கமானிகளும் மிதக்கும் ஒலிவாங்கிகளும் அந்த வெற்றிடத்தை மெதுவாகத்தான் நிரப்புகின்றன. மன்றத்தின் சுவரொட்டிகளில் இனி இப்படிப்பட்ட படம் போட்டால், எந்தப் பகுதியில் நம்பகம் குறைவு என்பதையும் சேர்த்துப் போட வேண்டும் என்று செயற்குழு முடிவு செய்திருக்கிறது.

செவ்வாய்க் கோளுக்கும் ஒரு மாலை ஒதுக்கினோம். இன்சைட் விண்கலம் 2018 நவம்பரில் இறங்கி, ஒரே ஒரு நிலநடுக்கமானியோடு நான்கு ஆண்டுகள் கேட்டுக்கொண்டிருந்தது. அந்தக் கோளின் கருவுக்கு 2021-இல் சுமார் 1,830 கி.மீ. ஆரம் சொன்னார்கள். மறுபக்கத்தில் விழுந்த விண்கல்லின் அலை, கருவை ஒட்டி உருகிய பாறை அடுக்கு ஒன்று இருப்பதைக் காட்டிய பிறகு, 2023-இல் அது 1,650 கி.மீ. அளவுக்குச் சுருங்கியது. ஒற்றை நிலையத்தால் இவ்வளவு முடியும். இரண்டாவது இருந்திருந்தால் என்ற ஏக்கமும் கூட்டத்தில் எழுந்தது.

நம் சொந்தக் கருவிக்கு வருகிறேன். அது செங்குத்து அசைவை மட்டும் அளக்கும் சிறிய ஜியோஃபோன். கம்சட்காவின் பி அலையை நன்றாகவே பிடித்தது. இருபது விநாடிக்கு ஒருமுறை மெல்ல எழுந்து தாழும் மேற்பரப்பு அலையைப் பிடிக்கும் திறன் அதற்கு இல்லை. அதை எதிர்பார்த்து ஏமாந்த உறுப்பினர்களுக்கு இது விளக்கமாக இருக்கட்டும். நேரத்துக்கு ஜி.பி.எஸ். இணைத்தது இந்த ஆண்டின் உருப்படியான செலவு. கவசத்தின் அடியில் ஒரு விநாடிப் பிழை என்றால் ஏறத்தாழ 14 கி.மீ. பாதைப் பிழை. கடிகாரம் சரியில்லாத பதிவால் யாருக்கும் பயனில்லை.

பள்ளி நிகழ்ச்சிகள் நல்லபடியாக நடந்தன. அருகில் நடக்கும் நிலநடுக்கத்துக்குப் பி, எஸ் அலைகளின் இடைவெளியை விநாடியில் எண்ணி எட்டால் பெருக்கினால் தூரம் ஏறத்தாழக் கிலோமீட்டரில் கிடைக்கும் என்ற கணக்கைப் பிள்ளைகள் உடனே பிடித்துக்கொண்டார்கள். அடுத்த நிலநடுக்கம் எப்போது என்று எல்லாப் பள்ளியிலும் கேட்டார்கள்; நாளும் நேரமும் குறித்துச் சொல்லும் முறை எவரிடமும் இல்லை என்றே பதில் சொன்னோம், இனியும் அப்படியே சொல்வோம். வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். உறுப்பினர் எண்ணிக்கை சற்று கூடியிருக்கிறது.

முடிவாக, செயற்குழு பொதுக்குழுவின் முன் வைக்கும் தீர்மானம் ஒன்று. இப்போதுள்ள கருவிக்குச் சில கிலோமீட்டர் தள்ளி, போக்குவரத்து குறைந்த இடத்தில், அதே வகையில் இரண்டாவது கருவி ஒன்றை நிறுவ அனுமதி வேண்டும். நிலநடுக்கம் இல்லாத நாளிலும் வண்டிகளாலும் காற்றாலும் கடலலைகளாலும் நிலம் இடைவிடாமல் அதிர்கிறது. இரண்டு இடங்களில் பதியும் இந்த இரைச்சலை நீண்ட காலத்துக்குச் சேர்த்து ஒப்பிட்டால், ஓர் இடத்திலிருந்து மற்றதற்கு அலை போக எடுக்கும் நேரம் அதிலிருந்து பிரிந்து தெரியும். 2000-களில் வளர்ந்த இந்த முறையால், நாம் நிற்கும் தரையின் மேலடுக்கு வேகத்தை நாமே அளக்கலாம். ஒரு கருவியால் அது முடியாது. கருவியின் பராமரிப்பை ஏற்க மூன்று உறுப்பினர்கள் ஏற்கெனவே முன்வந்திருக்கிறார்கள். இடம் தர முன்வருவோர் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுக்கலாம்.

இவ்வறிக்கையை ஏற்று, தீர்மானத்தை விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்