தக்காளியை அப்புறம் பொறுக்கலாம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். எங்கள் பக்கத்து நடுகற்களைப் பற்றி ஞாயிற்றுக்கிழமை எழுதியிருந்தீர்கள். ஆநிரை மீட்டுச் செத்தவன், புலியோடு மல்லுக்கு நின்றவன் என்று வாசிக்க நன்றாகத்தான் இருந்தது. தருமபுரி அருங்காட்சியகத்தில் அந்தக் கற்களை நானும் பார்த்திருக்கிறேன். வாளும் வில்லும் இல்லாத ஒருத்தியைப் பற்றியும் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

தொப்பூர் கணவாய்ப் பக்கம் முப்பது வருஷமாகப் பஞ்சர் கடை வைத்திருக்கிறேன். சேலம் பக்கம் இறங்கும் லாரிகளில் சில, டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் வரும். பாதி இறக்கத்தில் பிரேக் சூடேறிப் பிடிக்காது. சத்தத்தை வைத்தே எத்தனை சக்கர வண்டி என்று சொல்லிவிடுவேன். பெருமைக்குச் சொல்லவில்லை.

1998இல் ஒருநாள் அந்தச் சத்தம் கேட்டதும் கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்கு நடையைக் கட்டினேன். எங்கள் மாமா ஒருவர் அடிபட்டவனை ஆஸ்பத்திரியில் சேர்த்த பாவத்துக்குச் சாட்சியாகி, வாய்தா வாய்தாவாகக் கூலியை இழந்தவர். அந்தப் பயம் எனக்கு. வண்டிக்குள் இருந்தவன் என்ன ஆனான் என்று இன்றுவரை யாரையும் கேட்டதில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன் தக்காளி ஏற்றிய வண்டி ஒன்று கவிழ்ந்தது. ரோடெல்லாம் தக்காளி. விலை ஏறியிருந்த நேரம். பை, துண்டு, ஹெல்மெட் என்று கிடைத்ததில் அள்ளினார்கள். மீதிப் பேர் கையில் செல்போன். டிரைவர் கேபினுக்குள் கால் மாட்டிக் கிடந்தான். என் கடைக்கு எதிரே கூடையில் கொய்யா விற்கும் அக்கா ஓடிவந்து, "தக்காளிய அப்புறம் பொறுக்குங்கடா, மொதல்ல ஆள எடுங்க" என்று கத்தியது. அதற்குப் பிறகுதான் என் கையும் ஜாக்கியைத் தேடியது. 108 வந்ததும், கூடையை என்னிடம் விட்டுவிட்டு அதே வண்டியில் ஏறிப் போய்விட்டது. பையன் பிழைத்துக்கொண்டான்.

மறுநாள் கேட்டேன். "பயமாத்தான் இருந்துச்சி தம்பி. அவன் எங் கையப் புடிச்சிக்கினு உடல. என்ன பண்றது?" வீட்டில் திட்டு வாங்கியிருக்கிறது. அன்றைய கொய்யாவில் பாதி வெயிலில் வதங்கிவிட்டது. மீதியை நான் விற்றுக் கொடுத்தேன், அதுவும் குறைந்த விலைக்கு.

உதவுகிறவர்களைச் சட்டம் காப்பாற்றுகிறது என்று அந்த அக்காவுக்குத் தெரியாது. எனக்கும் பிறகு ஒரு வக்கீல், டயருக்குக் காற்றுப் பிடிக்க வந்தபோதுதான் சொன்னார். 2016இல் உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொண்ட வழிமுறைகள் 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே 134ஏ பிரிவாக வந்துவிட்டனவாம். அடிபட்டவரைக் கொண்டுவந்து சேர்த்தவர் பேரும் விலாசமும் சொல்லியே ஆக வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தக் கூடாது. ஆஸ்பத்திரியில் நிறுத்திவைக்கக் கூடாது. நாமாகச் சாட்சி சொல்ல முன்வந்தால், நமக்குத் தோதான இடத்துக்கே போலீஸ் மப்டியில் வந்து கேட்க வேண்டும். இதையெல்லாம் ஆஸ்பத்திரி வாசலில் எழுதி வைக்க வேண்டும் என்றும் விதி இருக்கிறதாம். முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு 2021 முதல் நம் மாநில அரசின் திட்டம் இருப்பதால், சேர்த்தவன் தலையில் பில் விழுமோ என்ற பயமும் வேண்டியதில்லை.

கணவாய் முழுக்க 'விபத்துப் பகுதி, மெதுவாகச் செல்லவும்' என்று பலகை இருக்கிறது. விபத்து நடந்த பிறகு பக்கத்தில் நிற்கிறவன் என்ன செய்யலாம் என்று ஒரு பலகைகூட என் கண்ணில் பட்டதில்லை. டீக்கடைகளிலும் சுங்கச்சாவடியிலும் நாலு வரி எழுதி வைக்க மாவட்ட நிர்வாகம் ஏற்பாடு செய்யட்டும். அதுவரை அந்த விதிகளை உங்கள் நாளிதழில் ஒரு மூலையில் பெரிய எழுத்தில் போடுங்கள். வெட்டி, கம்ப்ரசருக்கு மேலே சுவரில் ஒட்டிக்கொள்கிறேன். பக்கத்திலேயே கொய்யாக் கூடை. அந்த அக்காவுக்கு நானே வாசித்தும் காட்டிவிடுவேன்.

இப்படிக்கு,
பஞ்சர் கடைக்காரர்,
தொப்பூர், தருமபுரி மாவட்டம்