கிளாஸ்கோவில் பாடப்போகும் கயலுக்கு

அன்புள்ள கயல்,

நீ அனுப்பிய மூன்று பதிவுகளையும் கேட்டேன். குரல் நன்றாக நிற்கிறது, கிதார்தான் கொஞ்சம் அவசரப்படுகிறது. "ஸ்காட்லாந்து நாட்டார் பாடகர் அலஸ்டர் ராபர்ட்ஸ் மாதிரி பாடுவதையே தொழிலாக வைத்துக்கொண்டால் என்ன?" என்று கேட்டிருக்கிறாய். ஆமாம், இல்லை என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிடுகிற விஷயம் இல்லை இது. சப்வேயில் போகும்போது நிதானமாகப் படி.

அவருடைய இசைத்தட்டுகளை வெளிவந்த வரிசையில் ஒருமுறை கேள். உனக்குப் பிடித்த நாலு பாட்டை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டால் அவர் செய்கிற வேலை புரியாது. 1977-இல் ஜெர்மனியில் பிறந்து, ஸ்காட்லாந்தில் கேலண்டர் பக்கம் வளர்ந்தவர். அப்பா ஆலன் ராபர்ட்ஸ், ஸ்காட்லாந்துப் பாடகர் டூகி மக்ளீனோடு சேர்ந்து வாசித்த கிதார்க்காரர். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்தும் பையன் நேராக நாட்டார் மேடைக்குப் போகவில்லை. அபெண்டிக்ஸ் அவுட் என்று ஒரு குழு வைத்தார். அவர் கொடுத்த டெமோ கேசட்டைக் கேட்ட வில் ஓல்டம் என்ற அமெரிக்கப் பாடகர் வழி திறந்துவிட, 1997-இல் சிகாகோவின் டிராக் சிட்டி நிறுவனத்தில் குழுவின் முதல் ஆல்பம் வந்தது. பிறகு வந்த தட்டுகளில் பெரும்பாலானவையும் அங்கேதான்.

2001-இல் தன் பெயரில் முதல் தட்டு, தி க்ரூக் ஆஃப் மை ஆர்ம். அது முழுக்கப் பழைய பாட்டு. 2003-இல் ஃபேர்வெல் சாரோ, சொந்தப் பாட்டு. 2005-இல் நோ எர்த்லி மேன், மறுபடி பழசு. 2007, 2009 இரண்டும் சொந்தம், 2010 பழசு. 2017-இல் பேங்ஸ் சொந்தம், 2018-இல் வாட் நியூஸ் பழசு, 2019-இல் தி ஃபயரி மார்ஜின் சொந்தம், 2023-இல் திரும்பவும் பழசு. நடுவில் 2012-இல் லூயிஸ் தீவுப் பாடகி மைரி மாரிசனோடு ஸ்காட்லாந்தின் கேலிக் மொழிப் பாட்டுகள். 2013-இல் கவிஞர் ராபின் ராபர்ட்சனோடு, 1930-இல் கடைசி 36 பேரும் வெளியேறிய செயின்ட் கில்டா தீவைப் பற்றி ஒரு தட்டு. துணியில் ஊடும் பாவும் மாதிரி இது. பழைய பாட்டு கற்றுக்கொடுத்ததை அடுத்த சொந்தத் தட்டில் பார்க்கலாம். நீ அனுப்பிய மூன்றும் சொந்தப் பாட்டு. அதுதான் எனக்கு இடிக்கிறது. முப்பது கதைப்பாடலாவது மனப்பாடமாக உள்ளே இறங்காமல் எழுதினால், ராபர்ட்ஸின் நிழல்தான் பாட்டில் விழும்.

எங்கிருந்து எடுப்பது? ஹார்வர்டு பேராசிரியர் ஃபிரான்சிஸ் ஜேம்ஸ் சைல்டு 1882 முதல் 1898 வரை அச்சேற்றிய தொகுப்பில் 305 கதைப்பாடல்கள் உண்டு. அதில் சொல்தான் அதிகம், மெட்டு மிகக் குறைவு. மெட்டுக்கு எடின்பரோ பல்கலைக்கழகத்தின் ஸ்காட்டிஷ் ஆய்வுப் பள்ளிக்குப் போக வேண்டும். 1951-இல் தொடங்கியது. ஹேமிஷ் ஹெண்டர்சன் போன்றவர்கள் வயல்வெளியிலும் டிராவலர் என்ற நாடோடி மக்களின் கூடாரங்களிலும் ஒலிப்பதிவு செய்தவை அங்கே இருக்கின்றன. 1953-இல் ஹெண்டர்சன் அபர்டீனில் போய்ப் பார்த்த பாடகி ஜீனி ராபர்ட்சனை விடாமல் கேள். பதிவுகளில் பெரும் பகுதி டோபர் அன் டூல்ஹைஷ் என்ற இணையக் களஞ்சியத்தில் இலவசம். இங்கிலீஷ், ஸ்காட்ஸ் நாட்டார் பாட்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு ரவுட் எண் என்று ஒன்று உண்டு. பெயர் ஊருக்கு ஊர் மாறும், எண் மாறாது. எண்ணைப் போட்டுத் தேடு.

ஒரு பாட்டைக் கிட்டப்போய்ப் பார்ப்போம். சைல்டு எண் 12, 'லார்ட் ரானல்ட்'. நோ எர்த்லி மேனில் இருக்கிறது. வீடு திரும்பும் மகனிடம் அம்மா கேட்கிறாள்: எங்கே போனாய், யாரைப் பார்த்தாய், என்ன சாப்பிட்டாய்? (நான் போனில் கேட்பதுதான்.) அவன் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லி, படுக்கையைப் போடு என்கிறான். விலாங்கு மீனில் விஷம் என்று அவளுக்குப் படிப்படியாகத்தான் தெரிகிறது. கடைசியில் அவன் உயில் சொல்கிறான்: யாருக்கு என்ன சொத்து, விஷம் வைத்தவளுக்கு என்ன. ஒரு கண்ணியில் மாறுவது நாலைந்து சொல்தான், மீதி திரும்ப வருவது. அதனால் வரி வரியாக மனப்பாடம் செய்தால் மேடையில் மூன்றாம் கண்ணியும் ஐந்தாம் கண்ணியும் இடம் மாறிவிடும். கேள்விகளை மட்டும் வரிசையாக ஒரு தாளில் எழுதி அதைப் படி, வரி தானாக வரும். பிறகு மூன்று வெவ்வேறு பாடகர்களின் பதிவைக் கேட்டு, எதில் எந்தக் கண்ணி இல்லை என்று குறித்துக்கொள். அப்புறம் உன் வடிவத்தைக் கட்டு. பாடும்போது சாகிற மகனாக நடிக்காதே. கதைப்பாடலைச் சொல்பவர் ஓரமாக நிற்பவர். குரல் அழுதால் கேட்பவர் அழமாட்டார்.

உச்சரிப்பு. ஸ்காட்ஸ் மொழியைப் போலியாகப் பேசாதே, அங்கே உடனே தெரிந்துவிடும். அதற்காக எல்லாவற்றையும் இங்கிலீஷ் ஆக்கினால் எதுகை உடையும். 'டூன்' என்பதும் 'ஷூன்' என்பதும் ஒன்றோடொன்று சேரும். 'டவுன்', 'ஷூஸ்' என்றால் சேராது. எதுகைச் சொல்லை ஸ்காட்ஸாகவே வைத்துக்கொண்டு மற்றதை உன் நாக்குக்கு விடு. ஸ்காட்ஸ் அகராதி இணையத்தில் இலவசம்.

இனி கிதார். நீ வைத்திருக்கிற டிஏடிஜிஏடி சுருதி இந்தப் பாட்டுகளுக்குத் தோது. ஆறாம் தந்தியை ஈ-யிலிருந்து டி-க்கும், இரண்டாவதை பி-யிலிருந்து ஏ-க்கும், முதலாவதை ஈ-யிலிருந்து டி-க்கும் இறக்குகிறாய். அதில் காந்தாரம் இல்லை. அதனால் மெட்டு ஹரிகாம்போஜிப் பக்கம் போகிறதா, கரகரப்பிரியாப் பக்கமா என்பதைக் குரல்தான் முடிவு செய்யும். ஸ்காட்லாந்து மெட்டுகளில் நிறைய இப்படித்தான் நடக்கும், மோகனத்தில் வருவதும் ஏராளம். நீ அங்கங்கே மேஜர் கார்டு பிடித்து அந்தக் கதவைச் சாத்திவிடுகிறாய். உன் ஆதார சுருதி ஐந்து கட்டை. அதற்காக ஐந்தாம் கட்டத்தில் கேபோ (தந்திகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்) போட்டிருக்கிறாய், தந்தி மெலிந்து மாண்டலின் மாதிரி கேட்கிறது. கேபோவை எடுத்துவிட்டு ஜி-யையே சட்ஜமாக வை. கீழேயிருந்து மேலே திறந்த தந்திகள் ப ரி ப ஸ ரி ப என்று விழும். அந்த ரிஷபம் விடாமல் ஒலிக்கும்போது பாட்டு தரையில் இறங்காமல் மிதக்கும். இறங்க வேண்டிய இடத்தில் மட்டும் அந்தத் தந்தியை விரலால் அடக்கு. இன்னொன்று, ஆறாம் தந்தி தளர்ந்திருக்கும்போது மெல்லிய செட் போட்டால் அடிக்கும்போது சுருதி ஏறி இறங்கும், கர்ரென்று இரையும். 12–53 தடிமன் செட்டுக்குக் கீழே போகாதே.

பேக்பைப்போடு சேர்ந்து வாசிக்க ஆசை என்றாய். ஹைலேண்டு பைப் வேண்டாம். அதன் 'ஏ' இப்போதெல்லாம் 475 ஹெர்ட்ஸுக்கு அக்கம்பக்கம், உன் கிதாரின் 440-க்கு ஒத்துவராது, சத்தத்தில் குரலும் முழுகிவிடும். ஏ சுருதியில் 440-க்குச் செய்த ஸ்மால்பைப் உள்ளவரைத் தேடு. வாயால் ஊதாமல் கைத்துருத்தியால் காற்று கொடுப்பது, ஓர் அறைக்குள் அடங்கும். ஸ்கை தீவின் ப்ரீஜ ஹைம்பெல் வாசிப்பதைக் கேள்.

"பரிசோதனை" என்ற சொல்லை நீ நிறையப் பயன்படுத்துகிறாய். பாட்டின் மேல் எதிரொலியும் இரைச்சலும் தடவுவது பரிசோதனை ஆகாது. வாட் நியூஸில் ராபர்ட்ஸ் கிதாரைக் கீழே வைத்துவிட்டுப் பாட மட்டும் செய்கிறார். டேவிட் மெகின்னஸ் பழங்காலக் கீபோர்டுகள், ஆம்பிள் ஸ்கியூஸ் மின்னணு ஒலிகள். கதை ஒரு சொல் குலையவில்லை, சுற்றியிருக்கும் வீடுதான் புதிது. மார்ட்டின் பென்னட் 2003-இல் கிரிட் தட்டில் டிராவலர், கேலிக் பாடகர்களின் பழைய குரல்களை எடுத்துத் தாளத்தின் மேல் வைத்தார். அங்கேயும் குரல்தான் எஜமான். எதை மாற்றக் கூடாது என்று முதலில் எழுதி வை. அதற்குப் பிறகு மற்றதைத் தொடு.

ஒலிப்பதிவில் உன் தப்பு ஒன்றுதான்: குரலைத் தனியாக, கிதாரைத் தனியாகப் பதிகிறாய். கதைப்பாடலில் மூச்சுக்கு ஏற்ப வரி நீளும், குறுகும். கிதார் முன்பே பதிந்திருந்தால் குரல் அதைத் துரத்தும். நீ அவசரமாகக் கேட்பதற்கு இதுதான் காரணம். இரண்டையும் ஒன்றாகப் பதி. சின்ன கண்டென்சர் மைக் ஒன்று, பன்னிரண்டாம் கட்டத்துக்கு நேரே 25 சென்டிமீட்டரில். குரலுக்கு இன்னொன்று, கிதார் பக்கம் முதுகு காட்டியபடி. ஒன்றில் தப்பினால் முழுப் பாட்டையும் மறுபடி பாட வேண்டியிருக்கும், பரவாயில்லை. வினைல் போடுகிற எண்ணம் இருந்தால், 12 அங்குலத் தட்டில் ஒரு பக்கம் 20 நிமிஷத்தைத் தாண்ட விடாதே. தாண்டினால் ஒலி அளவைக் குறைத்துத்தான் வெட்டுவார்கள். மையத்துக்குப் பக்கத்தில் 'ஸ்' ஒலிகள் கரகரக்கும். அதனால் 'ஸ்' நிறைந்த எட்டு நிமிஷப் பாட்டைப் பக்கத்தின் கடைசியில் வைக்காதே, முதலில் வை.

காசு விஷயம். மாணவர் விசாவில் இருக்கும்வரை சுயதொழில் கூடாது, தொழில்முறைக் கலைஞராக மேடையேறவும் கூடாது. "சின்ன கச்சேரிதானே, கையில் கொடுத்தார்கள்" என்பதெல்லாம் செல்லாது, விசாவுக்கே ஆபத்து. படிப்பு முடிந்து கிராஜுவேட் விசா கைக்கு வந்த பிறகு சுயதொழிலாகப் பதிந்துகொள். சந்தேகம் இருந்தால் பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் எழுத்தில் கேள். அதுவரை பப்களில் பலர் கூடி வாசிக்கும் செஷன்களில் உட்கார். முதல் இரண்டு வாரம் கேட்டுக்கொண்டு மட்டும் இரு. துணையில்லாமல் ஒருவர் பாட ஆரம்பித்தால் கிதாரில் கை வைக்காதே. ஜனவரியில் செல்டிக் கனெக்‌ஷன்ஸ் நடக்கும், 1994-லிருந்து கிளாஸ்கோவில் நடக்கிற விழா. அதில் புதியவர்களுக்கு டேனி கைல் திறந்த மேடை உண்டு, விசா மாறியதும் அதற்கு விண்ணப்பி.

பிறகு கணக்கு இப்படி இருக்கும். 40 பேர், டிக்கெட் 12 பவுண்டு, வசூல் 480. இடம், ஒலிக்காரர் செலவு 150 போக மீதி 330. உனக்கு எண்பது, நடத்துபவருக்கு இருபது சதவீதப் பங்கு என்றால் உனக்கு 264. ரயில் 40, அறை 70 போனால் கையில் 154. ஸ்மால்பைப்காரரையும் கூட்டிப் போனால் ஆளுக்கு 77, அவருடைய ரயில் செலவைச் சேர்க்காமலே. அதனால் தனியாகவே முழு நிகழ்ச்சியைத் தாங்கும் பாட்டுத் தொகுப்பு ஒன்று எப்போதும் கையில் இருக்கட்டும்.

உரிமை விஷயத்தில் நிறையப் பேர் சறுக்குவார்கள். பழைய பாட்டுக்கு "மரபு, இசைக்கோர்ப்பு கயல்" என்று, பாடல் உரிமைத்தொகை வசூலித்துத் தரும் பிஆர்எஸ் அமைப்பில் பதியலாம். ஆனால் அது உண்மையில் மரபுதானா என்று பார். 'ட்வா கார்பீஸ்' பாட்டின் சொல் பழசு, சைல்டு எண் 26. இன்று எல்லோரும் பாடும் மெட்டோ ஒரு பிரெட்டன் மெட்டு, 20-ஆம் நூற்றாண்டில் மாரிஸ் பிளைத்மன் கொண்டுவந்து சேர்த்தது. இப்படி நேற்று ஒட்டியவை ஏராளம். களஞ்சியத்தில் கேட்டுக் கற்றுப் பாடலாம், ஆனால் அந்த ஒலியையே வெட்டி எடுத்துத் தட்டில் போட எழுத்தில் அனுமதி வேண்டும். இரண்டிலும், யாரிடமிருந்து வந்த வடிவம் என்று பாடகரின் பெயரை அட்டையில் போடு. கச்சேரி முடிந்த இரவே பாடல் பட்டியலை எழுதி வை, பிஆர்எஸ்ஸுக்குத் தேவைப்படும்.

கடைசியாக, நீ கேட்ட சுருதிப் பெட்டி. நம் ஊர்ப் பெட்டியை அங்கே பாடகி கேரின் போல்வார்ட் முதல் பலர் மேடையில் வைத்துப் பாடுகிறார்கள், அதனால் யாரும் விநோதமாகப் பார்க்க மாட்டார்கள். 13 நாக்குள்ளது அனுப்புகிறேன். வந்ததும் உடனே இழுக்காதே, ஒரு நாள் அறையில் மூடியே கிடக்கட்டும். ரேடியேட்டர் பக்கத்தில் வைத்தால் மரம் காய்ந்து விரியும், துருத்தி ஓரத்தில் காற்று ஒழுகும். ஒழுகினால் ஸ்வரம் நிற்காமல் தேயும், அதை நாக்கின் கோளாறு என்று நினைத்துச் சுரண்டிவிடாதே. கிதாரைப் பெட்டிக்குச் சேர், பெட்டியைக் கிதாருக்குச் சேர்க்க முடியாது. முதலில் ஜி-யும் டி-யும் மட்டும் திற. மைக்கைப் பின்பக்கம் வைக்காதே, துருத்தி மூச்சு விடுவதுதான் பதிவாகும்.

'லார்ட் ரானல்ட்'டைக் கிதார் இல்லாமல், பெட்டியோடு மட்டும் பாடி அனுப்பு. எல்லாக் கண்ணியும் இருக்க வேண்டும்.

அன்புடன்
அம்மா