பேரனின் சதுரங்கமும் மிருதங்கமும்

வெள்ளவத்தை, கொழும்பு.

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய சான்றிதழின் படம் கிடைத்தது. ஏழு வயதுப் பேரன் தன்னிலும் மூத்த பிள்ளைகளைச் சதுரங்கத்தில் வென்றதில் அம்மாவுக்கும் எனக்கும் பெருமைதான். ஆனால், பிள்ளை மேதையாகிவிட்டான், இனித் தமிழ் வகுப்பும் மிருதங்கமும் வேண்டாம் என்று எழுதியிருந்தாயே, அதற்குத்தான் இந்தப் பதில்.

குழந்தை மேதைகள் பெரும்பாலும் சதுரங்கம், கணிதம், இசை போன்றவற்றிலேயே தோன்றுகிறார்கள். இவற்றின் விதிகள் அந்தந்தத் துறைக்குள்ளேயே அடங்கிவிடுவதால், உலக அனுபவம் இல்லாத சிறுவனும் பெரியவர்களை முந்திவிடலாம். சதுரங்க வீரர் பிரக்ஞானந்தா 2016இல் பத்து வயதிலேயே சர்வதேச மாஸ்டர் பட்டம் பெற்றார். அந்த வயதில் வரலாற்றாசிரியரான எவரையும் நான் அறியேன். (சம்பந்தர் மூன்று வயதில் பாடினாரே என்று அம்மா குறுக்கிடுகிறார். அது அருள், இந்தக் கணக்கில் சேராது.)

பல்துறை அறிவு அப்படி வருவதில்லை. காரைதீவில் 1892இல் பிறந்த விபுலானந்த அடிகள் விஞ்ஞானப் பட்டதாரி. மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதரும் கூட. இவ்விரண்டும் ஒருவரிடமே சேர்ந்திருந்ததால்தான், சிலப்பதிகாரத்தின் இசைச் செய்திகளைச் சுருதிக் கணக்கோடு பொருத்திப் பார்த்து, வழக்கொழிந்த யாழ்களின் அமைப்பை அவரால் விளக்க முடிந்தது. அந்த ஆய்வை அவர் எழுதிய யாழ் நூல் 1947இல் அரங்கேறியபோது அவருக்கு ஐம்பத்தைந்து வயது. கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமியும் கனிப்பொருள் ஆய்வுக்காக இலங்கை முழுவதும் திரிந்த புவிச்சரிதவியலாளர்தான். அவர் கலை வரலாற்றுத் துறைக்கு வந்தது அதன் பிறகுதான்.

குழந்தை மேதை பல்துறை அறிஞராக முடியாது என்று நான் சொல்லவில்லை. அமெரிக்கக் கணிதவியலாளர் நோபர்ட் வீனர் பதினெட்டு வயதில் ஹார்வர்டில் கலாநிதிப் பட்டம் பெற்றவர். எனினும் விலங்கியல், தத்துவம், கணிதம் என்று மாறி மாறிப் படித்த அந்த மனம்தான், உயிர்களிலும் இயந்திரங்களிலும் ஒரே கட்டுப்பாட்டு முறையைக் கண்டு, சைபர்நெட்டிக்ஸ் துறைக்கு அடித்தளமிட்டது. அது நடந்தது 1940களில், அவர் ஐம்பதை எட்டும் வேளையில்.

போன விடுமுறையில் இங்கு வந்திருந்தபோது, கடற்கரை ரயில் பாதையருகே நின்று, தண்டவாளத் துண்டுகளுக்கிடையே ஏன் இடைவெளி விட்டிருக்கிறார்கள் என்று பேரன் கேட்டான். வெயிலில் இரும்பு நீளும் என்றேன். உடனே, அப்படியானால் மிருதங்க வாரும் வெயிலில் நீளுமா என்றான். எனக்கு அந்தக் கேள்வி சான்றிதழைவிடப் பெரிதாகப் பட்டது.

சதுரங்கம் தொடரட்டும், மற்ற இரண்டையும் நிறுத்தாதே. காசுதான் தடையென்றால் மிருதங்க ஆசிரியரின் கட்டணத்தை நான் அனுப்புகிறேன். ரூபாயை டொலராக மாற்றினால் எவ்வளவு தேறும் என்பதை மட்டும் அம்மாவிடம் சொல்லிவிடாதே.

அன்புடன்,
அப்பா